வேல்விழி நிரப்பிய கட்டம்

வேல்விழிக்குக் காத்திருக்க வராது. சாட்சி வேண்டுமென்றால் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து தென்காசி போகும் மினிபஸ்ஸின் கண்டக்டரைக் கேட்கலாம். வண்டி நிற்பதற்கு முன்பே படிக்கட்டில் இருந்து குதித்து, வண்டியோடு கூடவே நாலு எட்டு ஓடிவிட்டுத்தான் நிற்பாள். "ஏம்மா, பஸ்ஸு உன்னைய இறக்கி விடுதா, நீ பஸ்ஸ இறக்கி விடுதியா?" என்று அவர் கேட்காத நாள் கிடையாது. டீயை ஆற்றிக் குடித்த பழக்கமில்லாததால் நாக்கு நுனி வருஷம் பூராவும் வெந்தே கிடக்கும். குக்கர் விசில் அடங்குவதற்குள் மூடியை நெம்பிப் பார்த்ததில் இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் அதைப் பற்றிக் கேட்டபோது, அவளுடைய அம்மா, "குக்கர் வெயிட்டுல இடிச்சிக்கிட்டா" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள். "வெயிட் பண்ணாததுல வந்ததும்மா" என்று இவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் காபியோடு கிளம்பிவிட்டார்கள்.

அப்பா போலீஸ். திருவிழா, தேர்தல், கலவரம் என்று எங்கேயாவது பந்தோபஸ்தில் இருப்பார். அம்மா வாசலையும் போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, காத்துக் கிடப்பது ஒரு சீக்கு என்று பள்ளிக்கூடத்திலேயே முடிவு கட்டிவிட்டது. கம்ப்யூட்டர் படித்தாள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அங்கே அவளுக்கு வேல்விழி என்று பெயர் இருப்பது சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவள் 'சிஸ்டம்'. "சிஸ்டத்தக் கூப்பிடு", "சிஸ்டம் சாப்பிடப் போயிருக்கு", "சிஸ்டத்துக்கு இன்னைக்குக் கோவம்."

அந்த ஆஸ்பத்திரியில் முடியாத கேஸ்களைத் திருநெல்வேலியில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நோயாளி ஆம்புலன்ஸில் போவார். அவருடைய விவரமெல்லாம் கம்ப்யூட்டர் வழியாக முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பெயர், வயது, பழைய வியாதி, சாப்பிடுகிற மாத்திரை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்கிற அலர்ஜி விவரம், எல்லாம் தனித்தனித் துண்டுகள். அங்கே இருக்கும் டாக்டர் தன் திரையில் நோயாளியின் பக்கத்தைத் திறந்தால், பக்கம் இங்கே ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்தப் பக்கத்தை அமைத்ததும் வேல்விழிதான்.

மற்ற மாதங்களில் இது ஒழுங்காகத்தான் நடந்தது. சீசன் வந்தால்தான் வினை. சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலத்துக்கு ஊரே திரண்டு வரும். வந்த கூட்டம் அருவியில் நனைகிறதோ இல்லையோ, நனைவதை வீடியோ எடுத்து அனுப்பாமல் விடாது. அத்தனை லாட்ஜுகளும் ஒரே லைனைப் பிடித்து உறிஞ்ச, ஆஸ்பத்திரிக்கு இன்டர்நெட் சொட்டுச் சொட்டாக வரும். திருநெல்வேலித் திரையில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும்.

பெரிய டாக்டர் தில்லைநாயகத்துக்கு ஒரு குரல் உண்டு. மூக்கில் ஆரம்பித்து, தொண்டையில் ஒரு நிமிஷம் இளைப்பாறி, கடைசிச் சொல்லை மட்டும் வெளியே விடுவார். சீசன் தொடங்கிய வாரத்தில் அந்தக் குரல் வேல்விழியின் அறைக்கு வந்தது.

"ஏம்மா, திருநெல்வேலில இருந்து போன் பண்ணிச் சிரிக்கான். உங்க ரெக்கார்டு வாரதுக்குள்ள பேஷண்டு டிஸ்சார்ஜ் ஆயிருதாருங்கான். என்னம்மா அது, ம்ம், வட்டம்?"

"சார், நாம அனுப்புத முறை பழசு. மெயினருவில லைன்ல நின்னு குளிக்காங்கல்லா, அது மாதிரி. முன்னால ஒருத்தன் எண்ணெய தேச்சுக்கிட்டு அசையாம நின்னான்னு வையுங்க, பின்னால அத்தனை பேரும் குளிர்ல விறைச்சுக்கிட்டு நிக்கணும். வழில ஒரு துண்டு தொலைஞ்சா, அது திரும்பி வார வரைக்கும் மத்ததெல்லாம் நிக்கும்."

"புது முறை?"

"எச்.டி.டி.பி. மூணுன்னு ஒண்ணு வந்திருக்கு சார். அது ஐந்தருவி. ஒரு கிளைல தண்ணி நின்னாலும் மத்த கிளை அதுபாட்டுக்கு விழும். வந்தது வந்த உடனே தெரியும்."

"அப்ப ஐந்தருவிக்கே போயிருவோம்" என்றார் டாக்டர். அவர் செய்த ஒரே நகைச்சுவை அதுதான் என்பதால் நர்சு ஹஃப்சா ஒரு வாரம் அதையே மூக்கால் பேசிக் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

வேல்விழி மாற்றினாள். சென்னை சாஃப்ட்வேர்காரர்களைப் போனில் பிடித்து உலுக்கி, இரண்டு ஆஸ்பத்திரியிலும் புது முறையைக் கொண்டுவந்தாள். நடுவில் சுற்றிய வட்டத்தை எடுத்தெறிந்தாள். துண்டுகள் வர வர அந்தந்தக் கட்டத்தில் தெரிந்தன. வராத துண்டுக்காகப் பக்கம் காத்திருக்கும் நேரத்தையும் நறுக்கிவிட்டாள். அவளுக்கே காத்திருக்க வராதபோது அவள் செய்த பக்கத்துக்கு எப்படி வரும்?

ஒன்றே ஒன்று கண்ணை உறுத்தியது. சில கட்டங்கள் காலியாக இருந்தன. வியாதி எதுவும் இல்லாதவருக்கு வியாதிக் கட்டம் காலி. மருந்து சாப்பிடாதவருக்கு மருந்துக் கட்டம் காலி. திருநெல்வேலியில் இருந்து அதற்கும் போன் வந்தது, "என்னங்க, பாதி பக்கம் பொக்கை வாயா இருக்கு?" என்று.

வேல்விழியின் மேஜைமேல் அப்போது உலகம்மையின் தூக்குச்சட்டி இருந்தது. மெயினருவிக்குப் போகிற பாதையில் சிப்ஸும் பழமும் விற்கிற உலகம்மைக்கு வேல்விழி மேல் தனிப் பிரியம். ரம்புட்டான் வந்தால் ஒரு சட்டி, மங்குஸ்தான் வந்தால் ஒரு சட்டி. அந்தச் சட்டியை வேல்விழி ஒருநாளும் வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. யார் வீட்டுப் பாத்திரமும் வெறும் பாத்திரமாகப் போகக் கூடாது, ஒரு கை சீனியாவது போட்டு அனுப்பணும் என்பது அவளுடைய அம்மா போட்ட பழக்கம். பழக்கமென்றால் யோசிக்காமல் கை செய்வதுதானே. காலிக் கட்டங்களுக்கும் கை அதையே செய்தது. கட்டத்துக்கு எதுவும் வராவிட்டால் 'எதுவும் இல்லை' என்று காட்டும்படி ஒரு வரி எழுதினாள். பக்கம் நிறைந்துவிட்டது. பார்க்க லட்சணமாக இருந்தது. திருநெல்வேலியில் சிரிப்பை நிறுத்தினார்கள்.

உலகம்மையின் கதை ஒன்றும் இங்கே சொல்ல வேண்டும். மூன்று சீசனுக்கு முன்னால் காலில் புண்ணென்று வந்தவளுக்கு, பென்சிலின் ஊசி போட்ட கொஞ்ச நேரத்திலேயே முகம் பூசணிக்காயாக வீங்கி, தொண்டை அடைத்துவிட்டது. ஹஃப்சாதான் பக்கத்தில் இருந்தாள். போராடித்தான் மீட்டார்கள். இன்னொரு தடவை அந்த மருந்து உள்ளே போனால் மீட்க முடியாது என்று தில்லைநாயகம் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். உலகம்மையின் அலர்ஜிக் கட்டத்தில் அதை எழுதியது வேல்விழியின் கைதான். எல்லோருடைய அலர்ஜி விவரமும் மாடியில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில்தான் கிடந்தது. இழுப்புக்காரரைப் போல மூச்சு வாங்கிக்கொண்டு வேலை செய்கிற அதை இடம் மாற்ற யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள். காலையில் இருந்தே மலை தெரியவில்லை. மேகம் இறங்கி வந்து ரோட்டில் நின்றது. அருவி இரைச்சல் ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்டது. மதியத்துக்கு முன்னால் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டதென்று சொன்னார்கள். நிறம் மாறினால் மேலே எங்கோ காட்டாறு புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம். போலீஸ்காரர்கள் விசில் ஊதிக் கூட்டத்தைக் கரையேற்றினார்கள். கூட்டம் கரையேறிவிட்டது. கடைத் தார்ப்பாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த உலகம்மைதான் பாசியில் வழுக்கிப் பாறையில் விழுந்தாள்.

ஸ்ட்ரெச்சரில் அவளைக் கொண்டுவந்தபோது நினைவில்லை. தலையில் அடி. தொடையில் எலும்பு தெரிகிற காயம், அதில் சகதி. கழுவிக் கட்டுப் போட்டு, "இங்கன முடியாது, உடனே ஆபரேஷன் பண்ணணும், திருநெல்வேலிக்குக் கொண்டு போங்க" என்றார் தில்லைநாயகம். பழைய பழக்கத்தில் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தார்.

"லெட்டர் ஒண்ணு எழுதிருதேன். அந்தம்மாவுக்கு அந்த ஊசி ஆகாதுல்லா."

"எதுக்கு சார் லெட்டரு?" என்றாள் வேல்விழி. "நீங்க பேனா மூடியத் தொறக்கதுக்குள்ள ரெக்கார்டு அங்கன போய் உக்காந்திருக்கும்."

டாக்டர் பேனாவைத் திருப்பிப் பையில் செருகிக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் ஓட்டுவது சுடலைராஜ். சைரன் கெட்டுப்போன ஒரு நாளில் ஆலங்குளம் பஜார் முழுக்க வாயாலேயே சைரன் அடித்து வழி வாங்கியவர். "சிஸ்டம், உன் கம்பி முந்துதா என் வண்டி முந்துதான்னு பாப்போமா?" என்று எப்போதும்போலக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "நீங்க பாவூர்சத்திரம் தாண்டுங்கண்ணே முதல்ல" என்றாள் இவள். வண்டி மேகத்துக்குள் போய் மறைந்தது. திரையில் பச்சை அடையாளம் விழுந்தது. அனுப்பியாச்சு. போய்ச் சேர்ந்தாச்சு.

வேல்விழி மிச்ச வேலையை முடித்துவிட்டுச் சாப்பிட்டாள். கை கழுவினாள். உலகம்மையின் தூக்குச்சட்டி மேஜையில் இருந்தது. அதில் என்ன போட்டுக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஹஃப்சா டியூட்டி மாறிப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, உலகம்மை அத்தையோட ரெக்கார்டு நெசமாவே போய்ட்டா? இல்ல சும்மா டாக்டர்ட்ட அடிச்சு விட்டியா?"

"வாட்டி, வந்து பாரு. அங்கன உள்ளவங்க பாக்கத அப்படியே காட்டுதேன்."

திருநெல்வேலியில் திறக்கிற அதே பக்கத்தைத் திறந்தாள். படபடவென்று கட்டங்கள் நிரம்பின. பெயர். வயது. சுகர். ஸ்கேன் படம்கூட வந்துவிட்டது. "எப்படி?" என்று நாற்காலியில் சாய்ந்தாள் வேல்விழி.

ஹஃப்சா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"என்னட்டி இது?"

"எது?"

"அலர்ஜி, எதுவும் இல்லைன்னு போட்டிருக்கு."

வேல்விழி சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு வரவில்லை. மறுபடியும் திறந்தாள். பெயர், வயது, சுகர், ஸ்கேன். அலர்ஜி: எதுவும் இல்லை. இன்னொரு தடவை. எதுவும் இல்லை.

மாடியில் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதனிடம் கேட்ட துண்டு இன்னும் கிளம்பவே இல்லை. பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிட்டது. கைவிட்ட கட்டத்தில் வேல்விழியின் வரி வந்து உட்கார்ந்துகொண்டது. லாட்ஜுகள் தூங்குகிற நடுராத்திரியில் சோதித்தபோது லைன் காலியாக இருந்தது, எல்லாத் துண்டும் வந்தது. இது சீசன் பகல்.

"ஆபரேஷனுக்கு முன்னால அங்கன முதல்ல போடுதது அந்த மருந்துதான்" என்றாள் ஹஃப்சா. அவளுடைய குரலில் கேலி எதுவும் மிச்சமில்லை. "சகதி பட்ட காயம்னா யோசிக்கவே மாட்டாங்க."

வேல்விழி திருநெல்வேலி எமர்ஜென்சி நம்பரை அழுத்தினாள். பன்னீரில் நனைத்த குரலில் ஒரு பெண், நீங்கள் அழைக்கும் எண் தற்போது உபயோகத்தில் உள்ளது என்றாள். மறுபடி அழுத்தினாள். அதே பன்னீர். ஹஃப்சா தன்னுடைய போனில் சுடலைராஜைக் கூப்பிட்டாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் போனைத் தொடமாட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"எடுங்கண்ணே, எடுங்க" என்று ஹஃப்சா போனைப் பார்த்துக் கெஞ்சினாள். வேல்விழிக்குத் தன் அம்மா ஞாபகம் வந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மா.

வெளியே மழை வலுத்தது. மூன்றாவதோ நாலாவதோ தடவையில் சுடலைராஜ் எடுத்தார்.

"என்ன சிஸ்டம் ஆளுக, இத்தனை மிஸ்டு கால்? அத்தைய அப்பவே இறக்கி விட்டாச்சு. நான் டீக்கடைல நிக்கேன். இன்னைக்கு உன் கம்பிதான் முந்திச்சு, ஒத்துக்கிடுதேன். உள்ள போகும்போதே ரெக்கார்ட வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க."

"அண்ணே, ஓடுங்க" என்றாள் வேல்விழி, ஹஃப்சாவின் போனைப் பிடுங்கி. "அத்தைக்கு ஊசி போட விடாதீங்க. பென்சிலின் ஆகாது. ரெக்கார்டு தப்பு. ஓடுங்கண்ணே!"

டம்ளர் கீழே விழுகிற சத்தம் கேட்டது. போனை அணைக்காமலே ஓடினார். செருப்புச் சத்தம், யாரோ திட்டுகிற சத்தம், "ஏய், எங்க போற, பாஸ் எங்க?" என்று ஒரு காவலாளியின் தடித்த குரல். "அட போலே அங்கிட்டு!" என்று சுடலைராஜின் குரல். ஒரு கதவு அடித்துக்கொண்டது. பிறகு, ஆலங்குளம் பஜாருக்கே வழி திறந்த அதே தொண்டையில், "அந்தம்மாவுக்கு ஊசி போடாதீங்க! பென்சிலின் போடாதீங்க! குத்தாலம் உலகம்மைக்குப் போடாதீங்க!" என்று ஒரு சத்தம்.

அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. மூச்சுகூட. வேல்விழி போனைக் காதில் அழுத்தியதில் காது மடல் வலித்தது. ஹஃப்சா அவளுடைய முழங்கையைப் பிடித்திருந்தாள்.

போன் கைமாறியது. ஒரு நர்சம்மா, மெதுவான குரல்.

"யாரு பேசுதது?"

"தென்காசில இருந்து. சிஸ்டம். போட்டுட்டீங்களா?"

"மருந்து ஏத்தி கைல வச்சிருந்தேன். குழாய்ல சொருகப் போனேன், இவர் வந்து விழுந்தாரு." அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "போடல. கீழ வச்சிட்டேன். வேற மருந்து எடுக்கச் சொல்லியாச்சு."

"போடலயாம்" என்று ஹஃப்சாவிடம் சொல்லிவிட்டு வேல்விழி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஹஃப்சா வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"என்னம்மா நீங்க, இப்படிப் பண்ணலாமா?" என்றாள் நர்சம்மா, பயம் விட்டுப் போனவர்களுக்கு வருகிற கோபத்தோடு. "எதுவும் இல்லைன்னு தெளிவா போட்டிருக்கீங்க. நாங்க அதத்தான நம்புவோம்."

"இந்த ஒண்ணு மட்டும்..." என்று வேல்விழி ஆரம்பித்தாள்.

"ஒண்ணு மட்டுமா? உங்ககிட்ட இருந்து வாரவங்க எல்லாருக்குமே அப்படித்தான போட்டு வருது? இந்தச் சீசன் பூரா ஒரு ஆளுக்குக்கூட அலர்ஜின்னு நான் பாக்கல. குத்தாலத் தண்ணில குளிச்சவங்களுக்கு அலர்ஜியே வராது போலன்னு நாங்க இங்க சிரிச்சுக்கிடுவோம்."

போன் அணைந்தது.

ஹஃப்சாவுக்கு அந்தக் கடைசிப் பேச்சு கேட்கவில்லை. "அல்லா காப்பாத்திட்டான். எந்திரிட்டி, டாக்டர்ட்ட சொல்லுவோம்" என்று கை கொடுத்தாள். வேல்விழி எழுந்திருக்கவில்லை.

"ஹஃப்சா, சீசன் தொடங்குனதுல இருந்து இங்கேருந்து போனவங்க யாரெல்லாம்?"

"நெறைய பேரு போனாங்க. எதுக்குக் கேக்க?"

"திரும்பி வராதவங்க?"

ஹஃப்சா கொஞ்சம் யோசித்தாள். "எல்லாரும் வந்துட்டாங்க. சுரண்டை எபனேசர் வாத்தியார் மட்டும்தான். பாவம், கால் முறிவுன்னுதான் போனாரு. சிரிச்சுக்கிட்டே கைய ஆட்டிட்டுப் போனாரு. ஆபரேஷன் டேபிள்ல மூச்சுத் திணறி இறந்துட்டாருன்னு சொன்னாங்க. வயசாயிட்டுல்லா, ஹார்ட்டா இருக்கும்னாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் வேல்விழியின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

"அவருக்கு எதாவது மருந்து ஆகாதா?" என்றாள் வேல்விழி.

"தெரியலட்டி. அவர் வந்த அன்னைக்கு நான் லீவு."

வேல்விழி நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். அருவிப் பக்கம் மறுபடியும் விசில் சத்தம் கேட்டது. இருவரும் மாடி ஏறினார்கள். அறையைத் திறந்ததும் பழைய கம்ப்யூட்டரின் சூடு முகத்தில் அடித்தது. ஜன்னல் கண்ணாடியில் மேகம் அப்பியிருந்தது. வேல்விழி உட்கார்ந்து எபனேசர் என்று எழுதினாள். ஊர், சுரண்டை. அலர்ஜி விவரம் என்ற இடத்தில் அழுத்தினாள்.

திரையின் நடுவில் வட்டம் வந்தது. அவள் எடுத்தெறிந்த அதே வட்டம், இந்தக் கிழட்டு யந்திரத்தில் மட்டும் மிச்சமிருந்தது. சுற்ற ஆரம்பித்தது.

"எம்புட்டு நேரம் ஆகும்?" என்றாள் ஹஃப்சா கதவருகில் நின்றபடி.

வேல்விழி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல், அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலோடு நின்றுவிடாதே என்று அதனிடம் மனதுக்குள் கெஞ்சினாள். அது சுற்றிக்கொண்டிருந்தது.